கணிப்பொறிக்குக் காவல் யார்?

எங்கள் பள்ளி வாயிலில் ஒரு காவற்காரத் தாத்தா இருக்கிறார். கையில் எப்போதும் நீளமான நோட்டு. வருகிறவர் பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க வந்தார், எப்போது திரும்பினார் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பார். நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் இன்று வரை ஒரு திருடனும் வந்ததில்லை. "திருடனே வராத பள்ளிக்குக் காவல் எதற்கு? அந்தச் சம்பளத்தில் புதிய கூடைப்பந்துகள் வாங்கலாமே" என்று எங்களுள் ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. சிரித்து முடிக்குமட்டும் காத்திருந்த சமூக அறிவியல் ஆசிரியை, "இதே கேள்வியை ஒரு வல்லரசு தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறது, தெரியுமா?" என்றார். அன்றைய பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. பின்னர் நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தோம். படித்ததையும், படித்தபின் எங்களுக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

தோழியரே, முன்பெல்லாம் பகைவன் படையெடுத்தால் எல்லையில் தூசி கிளம்பும். இன்று அப்படியில்லை. மின்சார நிலையம், குடிநீர் ஏற்றும் பம்பு, வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, தொலைபேசி இணைப்பு ஆகிய எல்லாமே கணிப்பொறிகளின் கையில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று வலை போலப் பின்னப்பட்டிருக்கின்றன. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கடவுச்சொல் கிடைத்துவிட்டால் போதும், உள்ளே வந்துவிடுவான். வந்தவன் உடனே எதையும் உடைக்க வேண்டும் என்பதும் இல்லை. மாதக்கணக்கில் சத்தமின்றிப் பதுங்கியிருக்கலாம். இதைத் தடுக்கும் வேலையைத்தான் சைபர் பாதுகாப்பு என்கிறார்கள். இதில் அமெரிக்க அரசின் கதை வேடிக்கையானது, சற்று வேதனையானதும்கூட.

கதை ஒரு சினிமாவில் ஆரம்பமாகிறது என்றால் நம்புவீர்களா? 1983 ஜூன் மாதம் 'வார் கேம்ஸ்' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன், ஏதோ விளையாட்டு என்று நினைத்து இராணுவக் கணிப்பொறிக்குள் நுழைந்து, அணு ஆயுதப் போரையே மூட்டிவிடப் பார்க்கிறான். அப்போது ஜனாதிபதியாக இருந்த ரொனால்டு ரீகன் (அவரே முன்னாள் நடிகர்தாம்) அந்தப் படத்தைப் பார்த்தார். சில நாட்களில் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில், இப்படி உண்மையாகவே நடக்குமா என்று முப்படைத் தளபதிகளின் தலைவரான ஜெனரல் ஜான் வெஸ்ஸியிடம் கேட்டார். ஒரு வாரம் விசாரித்துவிட்டு வந்த தளபதி, நிலைமை நாம் நினைப்பதைவிட மோசமாக இருக்கிறது என்று பதில் சொன்னாராம். 1984 செப்டம்பரில் அதற்கென்று அரசாணை பிறந்தது. சினிமா பார்த்தால் கெட்டுப்போவீர்கள் என்று எங்களுக்கு ஓயாமல் சொல்லும் பெரியவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்!

அந்த ஆணை, கணிப்பொறிக் காவலில் தேசியப் பாதுகாப்பு முகமை என்னும் ஒற்றறியும் நிறுவனத்துக்குப் பெரும் பொறுப்பைக் கொடுத்தது. மக்களின் விவரங்கள் ஒற்றர் கையிலா என்று காங்கிரஸ் சபை கிளர்ந்தெழுந்தது. 1987-ஆம் ஆண்டின் கணிப்பொறிப் பாதுகாப்புச் சட்டம், இரகசியம் அல்லாத அரசுக் கணிப்பொறிகளின் பொறுப்பை இராணுவம் சாராத தர நிர்ணய அலுவலகத்துக்கு மாற்றியது. நான்கு ஆண்டு ஆவதற்குள் காவல் கை மாறிவிட்டது. இந்தக் கை மாறும் பழக்கம் அன்று தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை.

நிற்க. இதே காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சிதான் எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டு. 1986-இல் அங்கே கிளிஃபர்டு ஸ்டோல் என்ற வானியல் அறிஞர், விண்மீன் ஆராய்ச்சிக்கு வந்த பணம் தீர்ந்துபோனதால், கணிப்பொறிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். புதிய வேலையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் கணக்கு என்ன தெரியுமா? கணிப்பொறியைப் பயன்படுத்தியதற்கான கட்டணத்தில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை! வேறொருவராக இருந்தால் தம் பையிலிருந்து சில்லறை போட்டுக் கணக்கை முடித்திருப்பார். ஸ்டோல் விடவில்லை. யாரோ ஒருவன் கட்டணம் கட்டாமல் ஒன்பது விநாடி கணிப்பொறியைப் பயன்படுத்தியிருக்கிறான் என்று கண்டுபிடித்தார். அச்சு இயந்திரங்களைக் கடன் வாங்கி வந்து வரிசையாக மாட்டி, மேசைக்கடியில் படுத்து உறங்கி, அந்த அந்நியன் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்தார். அவன் அந்த ஆய்வுக்கூடத்தை வெறும் படிக்கட்டாக வைத்துக்கொண்டு இராணுவக் கணிப்பொறிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்டோல் அரசாங்கத்துக்குச் சொன்னார். எஃப்.பி.ஐ.-க்கு முதலில் அக்கறை இல்லை. 75 சென்ட் திருட்டை யார் விசாரிப்பார்கள்? மற்ற நிறுவனங்கள் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டன. ஆனால் இது எங்கள் வேலை என்று முன்வந்தவர் எவருமில்லை. (எங்கள் தெருக்குழாய் உடைந்தபோதும் இப்படித்தான் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது.) கடைசியில் அவர் வீட்டாரின் யோசனைப்படி, பெரிய இராணுவ இரகசியம் போலப் பொய்யான கோப்புகளை எழுதித் தூண்டிலில் மாட்டி வைத்தார். அவற்றைப் படிக்கும் ஆசையில் அந்நியன் நெடுநேரம் இணைப்பில் இருந்தான். தொலைபேசித் தடத்தைப் பின்பற்றிப் போனால் அது மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் முடிந்தது. அங்கிருந்த சில இளைஞர்கள் திருடிய செய்திகளைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்!

அன்று அரசாங்கத்திடம் ஆணை இருந்தது, அலுவலகங்கள் இருந்தன. பகைவனைக் கண்டுபிடித்ததோ, 75 சென்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். இதை மறவாமல் அடுத்ததைப் படியுங்கள்.

2016 தேர்தலின்போது ரஷ்ய இராணுவ உளவுத்துறையினர் ஜனநாயகக் கட்சியின் கடிதங்களைத் திருடி வெளியிட்டார்கள். நாடு விழித்துக்கொண்டது. 2018 நவம்பரில் ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 'சிசா' என்னும் தனி முகமை உருவாயிற்று. சைபர் பாதுகாப்பும் நாட்டின் உட்கட்டமைப்புப் பாதுகாப்பும் அதன் பொறுப்பு. அதன் முதல் தலைவர் கிறிஸ்டஃபர் கிரெப்ஸ். 2020 தேர்தல் முடிந்ததும், வாக்கு இயந்திரங்களில் மோசடி என்று கிளம்பிய வதந்திகளை அவருடைய முகமை மறுத்தது. 2020 நவம்பர் 17-ஆம் நாள், அவரை நியமித்த அதே ஜனாதிபதி அவரை நீக்கினார்.

அடுத்த மாதமே இடி விழுந்தது. ஃபயர்ஐ என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில், ஓர் ஊழியரின் பெயரில் இரண்டாவதாக ஒரு கைபேசி பதிவாகியிருந்தது. "இது உங்களுடையதா?" என்று யாரோ அக்கறையாகக் கேட்டார்கள். இல்லை என்றார் அவர். அந்த நூலைப் பிடித்து இழுத்தபோது, சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருளிலேயே பகைவன் விஷம் கலந்திருந்தது தெரிந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அந்த நச்சு மென்பொருளைத் தாங்களே வாங்கி உள்ளே வைத்திருந்தார்கள். கருவூலத் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும்கூட ஊடுருவப்பட்டன. இது ரஷ்ய அயல்நாட்டு உளவுத்துறையின் வேலை என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க அரசு அறிவித்தது. 75 சென்ட்டும் இரண்டாவது கைபேசியும் எங்கள் கண்ணுக்கு அக்கா தங்கை போலத் தெரிகின்றன.

2021 மே மாதம் கொலோனியல் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஒரு கூட்டம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பழைய கணக்கு ஒன்றின் கடவுச்சொல்தான் அவர்களுக்கு வாசலாக அமைந்தது. நிறுவனம் சுமார் 44 இலட்சம் டாலர் கொடுத்தது. கிழக்குக் கரையின் பல இடங்களில் பெட்ரோலுக்கு வரிசை நின்றது. அதே வாரத்தில் ஜனாதிபதி ஜோ பைடன் பாதுகாப்பைப் பலப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். விபத்து நடந்தால் ஆணை, ஆணை பழகிவிட்டால் அலட்சியம், மறுபடி விபத்து! வைக்கோற்போரையும் நெருப்பையும் காட்டி வள்ளுவர் எச்சரித்ததை நாங்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். வாஷிங்டனில் அது பாடத்திட்டத்தில் இல்லை போலும்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். குடிநீர்க் கதையைக் கேளுங்கள். 2023 மார்ச்சில், பைடன் ஆட்சியின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடிநீர் நிலையங்களைச் சோதிக்கும்போது அவற்றின் கணிப்பொறிப் பாதுகாப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. மிசௌரி, ஆர்க்கன்சா, அயோவா ஆகிய மூன்று மாநிலங்களும், குடிநீர் நிறுவனங்களின் சங்கங்களும் வழக்குத் தொடர்ந்தன. செலவு அதிகம், சட்டம் இடங்கொடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் தடை போட்டது; அக்டோபரில் முகமை தன் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒன்றரை மாதம்தான் ஆயிற்று. நவம்பர் 25-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற சிற்றூரின் நீரேற்று நிலையத்தில், நீரின் அழுத்தத்தைக் கவனிக்கும் கருவியின் திரை திடீரென்று மாறி, மிரட்டல் வாசகம் ஒன்று தோன்றியது. கருவி இஸ்ரேலில் செய்யப்பட்டது. தாக்கியவர்கள் ஈரானின் ஆட்கள். ஊழியர்கள் கருவியை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கி ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தக் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்கு இருந்த கடவுச்சொல் என்ன தெரியுமா? 1111.

அதே 2023 நவம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லிட்டில்டன் என்ற சிற்றூரில் மின்சாரமும் குடிநீரும் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எஃப்.பி.ஐ. தொலைபேசியில் பேசியது. உங்கள் கணிப்பொறிகளுக்குள் சீன ஊடுருவலாளர்கள் இருக்கிறார்கள் என்றது. யாரோ ஏமாற்றுப் பேர்வழி விளையாடுகிறான் என்றே மேலாளர் முதலில் நினைத்தாராம். பார்த்தால் 300 நாட்களுக்கு மேலாக அவர்கள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள்! பணம் கேட்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. என்றாவது ஒரு நாள் தேவைப்படும் என்று இடம் பிடித்து வைத்திருந்தார்கள். 'வோல்ட் டைஃபூன்' என்று பெயரிடப்பட்ட இந்தக் கூட்டத்தைப் பற்றி 2024 பிப்ரவரியில் அமெரிக்க முகமைகள் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தன.

இனி 2025-க்கு வருவோம். ஆட்சி மாறியது, வரிசையும் மாறியது. பெரிய தாக்குதல்களை ஆராய்ந்து எங்கே தவறு என்று சொல்வதற்காக 2022-இல் அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழு ஜனவரியிலேயே கலைக்கப்பட்டது. சீன ஊடுருவலாளர்கள் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்த 'சால்ட் டைஃபூன்' விவகாரத்தை அப்போதுதான் அது ஆராய்ந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில், தேர்தலில் அந்நியர் தலையீட்டைக் கவனித்துவந்த எஃப்.பி.ஐ. குழு கலைக்கப்பட்டது. அதே மாதம் ஐக்கிய நாடுகள் சபையின் கூட்டமொன்றில் பேசிய அமெரிக்கப் பிரதிநிதி சீனாவையும் ஈரானையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். ரஷ்யாவின் பெயரை எடுக்கவில்லை. ரஷ்யாவுக்கு எதிரான சைபர் தாக்குதல் திட்டங்களை நிறுத்திவைக்க ஆணை போயிற்று என்று பத்திரிகைகள் எழுதின; பாதுகாப்புத் துறை அதை மறுத்தது. ஏப்ரலில் தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைவர் ஜெனரல் டிமத்தி ஹா பதவி நீக்கப்பட்டார். அதே ஏப்ரலில், 2020-இல் நீக்கப்பட்ட கிரெப்ஸ் மீது விசாரணைக்கு உத்தரவு வந்தது.

சிசா முகமையில் ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 3,300 பேர் இருந்தார்கள். அரையாண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் போய்விட்டார்கள். சிற்றூர்களுக்கும் பள்ளிகளுக்கும் இலவசமாக எச்சரிக்கை அனுப்பிவந்த மையத்துக்கு மத்திய அரசு கொடுத்த பணம் செப்டம்பர் 30-உடன் நின்றது. தாக்குதல் பற்றிய செய்திகளை நிறுவனங்கள் அரசோடு பயமின்றிப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே நாளில் காலாவதியாயிற்று. நவம்பரில்தான் அதற்குத் தற்காலிகமாக உயிர் கொடுத்தார்கள், அதுவும் 2026 ஜனவரி வரைக்கும்.

எங்கள் வகுப்பு இந்த இடத்தில் இரு கட்சியாகப் பிரிந்தது. அரசை ஆதரித்த தோழியர் சும்மா இருக்கவில்லை. சமூக வலைத்தளங்களில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பதா காவல் முகமையின் வேலை என்று கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. 2020-இல் சில பதிவுகளைப் பற்றி முகமை நிறுவனங்களுக்குத் தகவல் கொடுத்தது உண்மை. மக்கள் வாயை அடைக்கும் காவலன் நமக்கு வேண்டாம் என்பதில் எங்களுக்குள் வேற்றுமை இல்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் அந்த வேலையை நிறுத்துவது. தண்ணீர்க் குழாயைக் கவனிக்கிறவர்களும் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும்?

"தற்காத்துக்கொண்டே இருப்பதைவிடத் திருப்பி அடிப்பது மேல்" என்றாள் இன்னொருத்தி. கைப்பந்து அணியின் தலைவி அவள், அப்படித்தான் பேசுவாள். 2017-ஐ அவளுக்கு நினைவூட்டினோம். தேசியப் பாதுகாப்பு முகமை அடிப்பதற்காக வைத்திருந்த ஆயுதம் ஒன்று களவுபோய் ஊரறிய வெளியாயிற்று. அதைக் கொண்டு வடகொரியர்கள் அந்த மே மாதம் 'வான்னாகிரை' என்ற தாக்குதலை நடத்தினார்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அடிக்கும் கை வேண்டும்தான். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு அடிக்கப் போகலாமா?

அரசின் மூன்றாவது வாதம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. அவரவர் ஊரை அவரவர் காத்துக்கொள்ளட்டும் என்று 2025 மார்ச்சில் வந்த ஜனாதிபதி ஆணை, இந்தப் பொறுப்பை மாநிலங்கள், ஊராட்சிகள் பக்கம் தள்ளியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தன் ஊரைத் தன்னைவிட யார் நன்றாக அறிவார்? ஆனால் ஒரு பக்கம் சீன அரசு. மறுபக்கம் லிட்டில்டன் ஊர் மின்சார அலுவலகம். 300 நாள் வீட்டுக்குள் இருந்தவனை அந்த ஊர் தானாகக் காணவில்லை. வெளியிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து, பல ஊர்களின் தடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்ததால் வந்த தொலைபேசி அது. ஒரே ஊரை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது 75 சென்ட், கழித்துவிடுவார்.

ஆகவே எங்கள் கட்சி இது. அரசாங்கம் எந்த நாட்டை முதல் எதிரி என்று சொல்லட்டும், எந்த அலுவலகத்துக்கு எந்தப் பெயர் வைக்கட்டும். உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஆட்களைக் கலைக்க வேண்டாம். பணத்தை இன்று நிறுத்தி நாளை கொடுக்கலாம். பத்தாண்டு பழகி, எது வழக்கம் எது வழக்கத்துக்கு மாறு என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆளை நாளைக்கே உண்டாக்க முடியாது. இங்கே வரிசை மாறுகிறது என்பதற்காகப் பீஜிங்கிலும் மாஸ்கோவிலும் எவரும் விடுமுறை எடுப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2019 செப்டம்பரில் நம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணிப்பொறி ஒன்றில் கேடு விளைக்கும் மென்பொருள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. செய்தி வெளியே கசிந்தபோது, அப்படி எதுவும் நடக்க வாய்ப்பே இல்லை என்று அக்டோபர் 29-இல் அறிக்கை வந்தது. மறுநாளே, ஆம், உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனியே இருப்பதால் அவற்றுக்குத் தீங்கில்லை என்றார்கள், நிம்மதி. அந்த மென்பொருள் வடகொரியக் கூட்டம் ஒன்றோடு தொடர்புடையது என்று வல்லுநர்கள் எழுதினார்கள். கன்னியாகுமரிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் எங்கள் வகுப்பில் நான்கு பேர்.

இதையெல்லாம் படித்து முடித்த மறுநாள் கணிப்பொறி வகுப்புக்குப் போனோம். ஆசிரியர் மேசையிலிருந்த கணிப்பொறியின் ஓரத்தில், நாங்கள் தினமும் பார்த்துப் பழகிய சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் கடவுச்சொல். 1111 இல்லை; 1234. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டரிடம் சொன்னோம். அன்று மாலையே சீட்டு கிழிக்கப்பட்டது. புதிய கடவுச்சொல் ஒரு நோட்டில் எழுதப்பட்டு அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி யாரிடம் என்பதை ஆண்டு மலரில் எழுத மாட்டோம்.